சன்னம் பட்டபின் எவ்வளவு நேரம்?

மேசையைச் சுற்றியிருந்து ஆளுக்கொரு பாத்திரமாகக் கதை ஆடுகிற டன்ஜன்ஸ் அன்ட் டிராகன்ஸ் விளையாட்டின் ஐந்தாம் பதிப்பில், ஆட்டம் நடத்துகிறவருக்கான நூலில், நவீன துவக்குகளுக்கென்று ஒரு சின்ன அட்டவணை இருக்கிறது. வேட்டை ரைபிளுக்கு 10 பக்க டைஸ் இரண்டு உருட்ட வேண்டும். வருகிற எண்தான் சேதம், சராசரி 11. பத்தாம் மட்டத்துப் போர்வீரன் ஒருவனுக்கு, உடற்கட்டு 14 என்று வைத்துக்கொண்டால், 84 ஹிட் பொயின்ட், அதாவது அடி தாங்குகிற புள்ளிகள், இருக்கும்; பட்ட சேதம் அதிலிருந்து கழியும். கணக்குப் பார்த்தால் மான் விழுத்துகிற துவக்கால் எட்டுத் தடவை சுட்டால்தான் அந்த மனிதன் சாய்வான். ஏழாவது சூடு பட்ட பிறகும் அதே வேகத்தில் ஓடுவான், அதே பலத்தோடு வாள் வீசுவான். இரவு நித்திரை கொண்டு எழும்பினால் உடம்பில் ஒரு கீறலும் இருக்காது.

இதைச் சொல்லிச் சிரிப்பது சுலபம். அந்த விளையாட்டை உருவாக்கியவர்களில் ஒருவரான கேரி கைகெக்ஸ் 1979இலேயே இதற்குப் பதில் எழுதிவிட்டார்: ஹிட் பொயின்ட் என்பது வெறும் தசையும் எலும்பும் அல்ல, அதற்குள் அதிர்ஷ்டமும் பயிற்சியும் தெய்வத்தின் துணையும் சேர்ந்திருக்கின்றன என்று. அந்த எண்ணத்தை மேசைக்குக் கொண்டுவந்த டேவ் ஆர்ன்சன், கப்பற்போர் விளையாட்டுகளின் விதிகளிலிருந்து எடுத்ததாகச் சொல்லியிருக்கிறார். கப்பலுக்கு அது பொருந்தும். வாளுக்கும் ஓரளவு பொருந்தும். எதிரியின் வெட்டு கேடயத்தில் வழுக்கியது, தோளில் உரசியது, மூச்சு வாங்கியது என்று கதை சொல்லி ஒப்பேற்றலாம். துவக்குக்கு அப்படிச் சொல்ல முடியாது. சன்னம் பட்டது, அல்லது படவில்லை.

அதனால்தான் துவக்குள்ள ஆட்டங்களை எழுதியவர்கள் ஐம்பது வருடமாக மண்டையைப் போட்டு உடைக்கிறார்கள். பெரும்பாலானவர்கள் பிடித்த வழி சேதத்தைக் கூட்டுவது. எண் பெரிதானால் பயம் வரும் என்று நினைத்தார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. துவக்குச் சண்டையில் மெய்யாக இருப்பது நேரமும் தெரியாமையும்தான் என்பது என் கட்சி. எவ்வளவு பட்டிருக்கிறது என்பது பட்டவனுக்கே தெரியாது. தெரியவரும்போது எவ்வளவு நேரம் மிச்சம் இருக்கிறது என்பது யாருக்கும் தெரியாது. இந்த இரண்டும் இல்லாத விதிநூல், ஆயிரம் வகைத் துவக்குகளுக்கு அட்டவணை போட்டிருந்தாலும், வாள் சண்டையைத்தான் வேறு பெயரில் விற்கிறது.

நாங்கள் வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடற்பக்கம் இறங்குகிற ஓர் ஒழுங்கையில், சனிக்கிழமை பின்னேரங்களில் கூடுகிறோம். ஆட்டம் நடத்துவது நான். அவசர சிகிச்சைப் பிரிவில் வேலை செய்கிற தாதி அக்கா ஒருவர், கணக்காளராக இருக்கும் தம்பி ஒருவன், வன்னியில் வளர்ந்து இப்போது மென்பொருள் நிறுவனம் ஒன்றில் இருக்கிற அண்ணா, அவருடைய மனைவி. 2022இல் கரண்ட் போன இரவுகளில் மெழுகுதிரி வெளிச்சத்தில் டைஸைத் தேடிப் பொறுக்கியவர்கள் இவர்கள்தான். கதை நடப்பது 1930களின் கொழும்பில்: துறைமுகம், கோட்டைக் கந்தோர்கள், புறக்கோட்டைப் பண்டகசாலைகள், ட்ராம் வண்டி, றிக்ஷோ. விதி, கோல் ஒஃப் கதுலு என்ற திகில் ஆட்டத்தின் ஏழாம் பதிப்பு. அந்தக் காலத்தைத் தெரிந்தேதான் எடுத்தோம். 1983க்கும் 2009க்கும் இடைப்பட்ட வருடங்கள் எங்கள் மேசைக்கு வராது. தொடங்கும்போதே கேட்டேன், அண்ணா “அது மட்டும் வேண்டாம், மற்றதெல்லாம் பரவாயில்லை” என்றார். அதற்குமேல் அதைப் பற்றி யாரும் கதைக்கவில்லை, கதைக்கத் தேவையும் இருக்கவில்லை.

ஆனால் ஒருநாள், ஆட்டத்தில் யாருக்கோ காலில் வெடி பட்டு நான் “பயங்கரமான வலி” என்று வர்ணிக்கத் தொடங்கியபோது, அவர் தலையைத் தூக்கி, “வலி பிறகுதான் தம்பி” என்றார். “எனக்குப் பட்டதே தெரியேல்லை. ஓடிக்கொண்டிருந்தனான். சப்பாத்துக்குள்ள தண்ணி போனமாதிரிச் சதக் சதக் எண்டு இருந்தது. மழை பெய்யேல்லையே எண்டு குனிஞ்சு பாத்தன்.” இவ்வளவும் சொல்லிவிட்டு ரோல்ஸ் ஒன்றை எடுத்துக் கடித்தார். நான் வர்ணனையை நிறுத்திவிட்டு ஆட்டத்தைத் தொடர்ந்தேன். என் அலுமாரியில் இருக்கிற எந்த விதிநூலிலும் அந்தச் சப்பாத்து இல்லை.

ஆய்வுகளும் அவர் பக்கம்தான் நிற்கின்றன. மார்ட்டின் ஃபேக்ளர் வியட்நாம் போரில் சத்திரசிகிச்சை செய்தவர். பிறகு சான் பிரான்சிஸ்கோவின் லெட்டர்மன் இராணுவ ஆராய்ச்சி நிலையத்தில் காயங்களை ஆராய்வதற்கென்றே ஓர் ஆய்வுகூடத்தை நடத்தினார். ஜெலட்டின் கட்டிகளுக்குள் சுட்டு, சன்னம் போன தடத்தை அளந்தார். சன்னம் நேரடியாக நசுக்கிக்கொண்டு போகிற துளை ஒன்று. அது போகும்போது சுற்றியுள்ள தசை ஒரு கணம் விரிந்து திரும்புகிற குழி இன்னொன்று. கைத்துப்பாக்கியைப் பொறுத்தவரை இரண்டாவது பெரும்பாலும் ஒன்றும் செய்வதில்லை. தசையும் நுரையீரலும் இழுபட்டுவிட்டுப் பழைய நிலைக்கு வந்துவிடும். துளை எதைத் தொட்டது, எவ்வளவு ஆழம் போனது என்பதுதான் கேள்வி. பெரிய சன்னம் ஆளைத் தூக்கி எறியும் என்பதெல்லாம் சினிமா. எங்கள் விதிநூலில் 9 மிமீ கைத்துப்பாக்கிக்கு 10 பக்க டைஸ் ஒன்று, .45க்கு அதோடு இரண்டு கூட. அந்த இரண்டு புள்ளியை நான் இப்போது கண்டுகொள்வதில்லை.

1986 ஏப்ரல் 11ஆம் திகதி மயாமியில் நடந்ததையும் சொல்லியாக வேண்டும். எஃப்பிஐ அதிகாரிகள் எட்டுப் பேர், வங்கிக் கொள்ளையர் இருவர். மைக்கல் பிளாட் என்ற கொள்ளையன் மீது சண்டையின் தொடக்கத்திலேயே பட்ட 9 மிமீ சன்னம் வலது மேற்கையைத் துளைத்து, நெஞ்சுக்குள் இறங்கி, நுரையீரலைக் கிழித்துக்கொண்டு போய், இதயத்துக்கு ஏறத்தாழ ஓர் அங்குலம் இருக்கும்போது நின்றுவிட்டது. சாகிற காயம். ஆனால் அவன் உடனே சாகவில்லை. தொடர்ந்து சுட்டான். அன்று இரண்டு அதிகாரிகள் இறந்தார்கள், ஐந்து பேர் காயப்பட்டார்கள். எல்லாம் ஐந்து நிமிடத்துக்குள். அதன் பிறகு எஃப்பிஐ தன் துவக்குகளையும் ரவைகளையும் மாற்றியது. 1989இல் வெளியிட்ட அறிக்கையில் ஒரு வரி இருக்கிறது: இதயம் முற்றாக அழிந்தாலும், மூளையில் மிஞ்சியிருக்கும் ஒட்சிசன் ஓர் ஆளை 10 முதல் 15 செக்கன் வரை தன் விருப்பப்படி இயங்க வைக்கும். மூளையிலோ முள்ளந்தண்டின் மேற்பகுதியிலோ பட்டால் ஒழிய யாரும் உடனே நிற்பதில்லை.

இந்த 15 செக்கனை மேசைக்குக் கொண்டுவந்து பாருங்கள். டன்ஜன்ஸ் அன்ட் டிராகன்ஸில் ஒரு சுற்று 6 செக்கன். இதயத்தில் வெடிபட்டவனுக்கு இன்னும் இரண்டு முறை ஆட வருகிறது. கேர்ப்ஸ் என்ற இன்னோர் ஆட்டத்தில் ஒரு சுற்று ஒரே செக்கன். அங்கே அவனுக்குப் பத்து, பதினைந்து முறை சுட அவகாசம் இருக்கிறது. ஹிட் பொயின்ட் 84 உள்ள போர்வீரன் ஏழு சூட்டோடு ஓடுவதைப் பார்த்துச் சிரித்தோமே, அதில் ஒரு துளி உண்மை ஒளிந்திருக்கிறது என்று இப்போது தோன்றுகிறது. ஓடுவதில் பிழையில்லை. காலையில் எழும்புவதில்தான் பிழை.

மறுபக்கமும் உண்டு. ஒன்றுமில்லாத காயத்தோடு ஆள் பொத்தென்று விழுந்துவிடுவதுண்டு. வெடி பட்டால் விழ வேண்டும் என்று மனம் நம்பியிருக்கிறது, அதனால் விழுகிறது. 1912 ஒக்டோபரில் மில்வோக்கியில் தியடோர் ரூஸ்வெல்ட்டின் நெஞ்சில் சுட்டார்கள். சட்டைப்பையிலிருந்த கண்ணாடிக் கூட்டையும் மடித்த பேச்சுத்தாள்களையும் துளைத்துக்கொண்டு சன்னம் உள்ளே போனது. மனிதர் மேடையேறி ஒரு மணி நேரத்துக்கு மேல் பேசிவிட்டுத்தான் ஆஸ்பத்திரிக்குப் போனார். இந்த இரண்டு ஆட்களையும் ஒரே விதி தாங்க வேண்டும். 1977இல் வந்த டிரவலர் என்ற ஆட்டம் இதைச் சிக்கனமாகச் செய்தது. அதில் தனியாக ஹிட் பொயின்ட் கிடையாது. முதற் காயம் முழுவதும் பலம், சுறுசுறுப்பு, தாங்குதிறன் மூன்றில் ஏதோ ஒன்றின்மேல் குருட்டாம்போக்கில் விழும். அதனால் மாமிசமலை ஒருத்தன் முதற் சூட்டிலேயே மயங்கலாம், நோஞ்சான் நிற்கலாம்.

கோல் ஒஃப் கதுலு அந்தளவு துணிச்சல் இல்லை, ஆனால் நேர்மையானது. சாதாரண ஆளுக்கு 12 ஹிட் பொயின்ட் என்று வைப்போம். ஒரே அடியில் பாதி, அதாவது 6 அல்லது அதற்குமேல் போனால் பெருங்காயம். .38 ரிவோல்வருக்கு 10 பக்க டைஸ் ஒன்று, ஆகவே பட்ட சூடுகளில் பாதி பெருங்காயம். விழுவாய், நினைவு தப்பாமலிருக்க உருட்ட வேண்டும், ஆற வாரக்கணக்காகும். இன்னொன்றும் எனக்குப் பிடிக்கும். பயிற்சியில்லாத ஆளின் கைத்துப்பாக்கித் திறமை அதில் 20 வீதம். நியூயோர்க் பொலிஸின் துப்பாக்கிச் சூடுகளை ரேண்ட் நிறுவனம் ஆராய்ந்தபோது, எதிரில் இருப்பவனும் திருப்பிச் சுடுகிற சண்டைகளில் அதிகாரிகள் சுட்டதில் இலக்கில் பட்டது 18 வீதம். பயிற்சி பெற்ற பொலிஸ்காரரின் கதி அது. இருபது வீதம் போதாது என்று முறைப்பாடு செய்கிற விளையாட்டுக்காரருக்கு நான் இந்த எண்ணைத்தான் காட்டுவேன்.

பீனிக்ஸ் கொமாண்ட் என்ற ஆட்டத்தைப் பற்றிச் சொல்லாமல் இந்த விஷயத்தைக் கடக்க முடியாது. 1986இல் லீடிங் எட்ஜ் கேம்ஸ் வெளியிட்டது. இரண்டு செக்கனை நான்காகப் பிளந்து, அரை அரைச் செக்கனாகச் சண்டையை நடத்தும். சன்னம் உடம்பில் எந்த இடத்தில் பட்டது, எதை ஊடுருவியது என்று பஞ்சாங்கம் பார்ப்பதுபோல அட்டவணைக்குமேல் அட்டவணை. ஒரு சூட்டைத் தீர்மானிக்கத் தேநீர் ஆறிவிடும். அதைக் கேலி செய்யாத விளையாட்டுக்காரர் கிடையாது, நானும் செய்வேன். ஆனால் அந்த நூலில் எல்லாரும் தாண்டிப் போகிற ஓர் அட்டவணை இருக்கிறது. காயத்தின் கடுமைக்கு எதிரே, உதவியே இல்லை, முதலுதவி, முன்னரங்க மருத்துவ நிலையம், கள ஆஸ்பத்திரி, பெரிய விபத்துச் சிகிச்சை நிலையம் என்று நிரல்கள். ஒவ்வொன்றிலும், எவ்வளவு நேரத்துக்குள் உயிர் தீர்மானமாகும், பிழைக்க வாய்ப்பு எவ்வளவு என்று இருக்கும். அரைச் செக்கன் கணக்குகளைத் தூக்கி எறிந்துவிட்டு இந்த ஒரு பக்கத்தை மட்டும் வைத்திருந்தாலே அது தன் காலத்தின் மிக மெய்யான ஆட்டமாக இருந்திருக்கும்.

1990களின் கடைசியில் வந்த அன்னோன் ஆர்மீஸ் என்ற ஆட்டத்திலிருந்து இன்னொன்றை எடுத்தேன். அதில் ஹிட் பொயின்ட் கணக்கை வைத்திருப்பது ஆட்டம் நடத்துகிறவர். விளையாடுகிறவருக்குச் சொல்லப்படுவது எப்படி இருக்கிறது என்ற விவரிப்பு மட்டும். சண்டை விதிகள் தொடங்குமுன், சண்டையைத் தவிர்க்க ஆறு வழிகளை அந்த நூல் சொல்கிறது. நல்ல வேலை.

இவற்றைக் கலந்து நாங்கள் இப்போது ஆடுவது இப்படி. யாருக்கும் வெடி பட்டால் நான் ஒரு சின்ன அட்டையில் இடத்தையும் கடுமையையும் எழுதிக் கவிழ்த்து வைப்பேன். பட்டவனுக்குச் சொல்வது அவன் உணர்வதை மட்டும். அட்டையைத் திருப்ப வேண்டுமானால் யாராவது ஒருவர் தன் முறையைச் செலவழித்துக் காயத்தைப் பார்க்க வேண்டும். திருப்பிய பிறகு கேள்வி ஒன்றுதான்: கையா காலா, அல்லது உடம்பா? இது தாதி அக்காவின் திருத்தம். கையில் காலில் என்றால் இறுக்கிக் கட்டி இரத்தத்தை நிறுத்தலாம். வயிற்றிலும் நெஞ்சிலும் உள்ளே ஓடுகிற இரத்தத்தை வெளியிலிருந்து யாராலும் அழுத்த முடியாது, கத்தி வைத்துத்தான் ஆக வேண்டும். “நீங்க எல்லாரும் எத்தனை பொயின்ட்னு கேக்கிறீங்க. நாங்க கேக்கிறது எங்க, எப்ப, கை குளிருதா, தண்ணி கேக்கிறாரா. தண்ணி கேட்டா எனக்கு வயித்தைக் கலக்கும்” என்றார்.

மூடிய அறைக்குள் துவக்கு வெடித்தால் 150 டெசிபலுக்குமேல் போகும், காது இரைந்துகொண்டே இருக்கும். அதனால் உள்ளே யாராவது சுட்டால் இரண்டு சுற்றுக்கு மேசையில் எவரும் வாய் திறக்கக்கூடாது, கையசைத்துத்தான் பேச வேண்டும். விளையாட்டாகப் போட்ட விதி, ஆனால் எங்களிடம் இருக்கிற விதிகளில் அதிகம் பதற்றம் தருவது இதுதான்.

அப்படித்தான் புறக்கோட்டைப் பண்டகசாலைச் சண்டை நடந்தது. கணக்காளர் தம்பியின் பாத்திரம் சுங்கக் கந்தோர் இலிகிதன். இருட்டுக்குள் கறுவா மூட்டைகளுக்குப் பின்னாலிருந்து வெடி வந்தது. நான் அட்டையில் “வலது தொடை, உட்பக்கம்” என்று எழுதிக் கவிழ்த்துவிட்டு, “கால் தடுக்கிவிட்டது, எழும்பலாம்” என்று எழுதிக் காட்டினேன். தம்பி எழும்பினான். இரண்டு முறை சுட்டான், இரண்டும் மூட்டையில். கதவுப்பக்கம் போகிறேன் என்று கையைக் காட்டினான். அக்கா தன் காலைத் தட்டி, அவனைச் சுட்டி, நிலத்தைக் காட்டினார்: இரு. அவன் தலையாட்டி மறுத்தான், அவனுக்கு ஒன்றும் இல்லையே. அண்ணா மட்டும் குனிந்து தன் சப்பாத்தைத் தொட்டுக் காட்டினார். தம்பிக்கு அது விளங்கியது. அக்கா அட்டையைத் திருப்பினார், படித்தார், ஒரு கையால் இடுப்புப்பட்டி என்று சைகை செய்தார். எதிரி பின்கதவால் ஓடிப்போனான். ஒருவரும் துரத்தவில்லை. விதி எதுவும் தடுக்கவில்லை, எல்லாருக்கும் வேறு வேலை இருந்தது.

மீதி மாலை முழுவதும் றிக்ஷோதான். புறக்கோட்டையிலிருந்து பெரியாஸ்பத்திரிக்கு எந்தப் பாதை, ட்ராம் போகிற தெருவில் நெரிசல் எப்படி, றிக்ஷோக்காரன் இரத்தத்தைப் பார்த்து மறுத்தால் என்ன கொடுப்பது. 1864இலிருந்து அந்த ஆஸ்பத்திரி அங்கே இருக்கிறது, ஆகவே போய்ச்சேர ஓர் இடம் உண்டு. ஆனால் பென்சிலின் இல்லை. ஃபிளெமிங் அதை 1928இல் கண்டிருந்தாலும் மருந்தாகக் கைக்கு வர 1940கள் ஆயின. கதை இன்றைய கொழும்பில் நடந்திருந்தால் 1990 என்ற இலக்கத்துக்கு அடித்து, 2016இலிருந்து ஓடுகிற சுவசெரிய அம்புலன்ஸைக் கூப்பிட்டிருப்பார்கள். அந்த இரண்டு கொழும்புக்கும் இடையிலான வித்தியாசம் துவக்கில் இல்லை.

ஆஸ்பத்திரிக்குப் போனால் பொலிஸ் வரும். வெடிக்காயத்தோடு வருகிறவர் வெறும் நோயாளி அல்ல, வழக்கு. பொலிஸ் கேட்கும், சட்ட வைத்திய அதிகாரி பார்ப்பார், யார் சுட்டது, நீ அங்கே ஏன் போனாய் என்று ஆளுக்காள் எழுதுவார்கள். வெளிநாட்டு விதிநூல்களில் இது ஒரு பந்திகூட வருவதில்லை. எங்கள் மேசையில் அதுதான் சண்டையைவிட நீண்டது. கட்டிலோடு கிடக்கிற இலிகிதனிடம் சார்ஜன்ட் ஒருவர் (நான்தான்) ஒரே கேள்வியை மூன்று விதமாகக் கேட்க, தம்பி மூன்று விதமாகப் பதில் சொல்லி மாட்டிக்கொண்டான்.

ஒரு விஷயத்தில் மட்டும் எங்களுக்குள் இன்னும் இழுபறி. பத்திரிகையில் நாம் படிக்கிற சூடுகளில் சண்டையே இல்லை. மோட்டார் சைக்கிளில் இருவர் வருகிறார்கள், சுடுகிறார்கள், போகிறார்கள். 2025 பெப்ரவரி 19 புதுக்கடை நீதிமன்றத்தில், சட்டத்தரணி வேடத்தில் வந்தவன், தாள்களை வெட்டிய புத்தகத்துக்குள் ஒரு பெண் மறைத்துக் கொண்டுவந்து கொடுத்த ரிவோல்வரால், பட்டப்பகலில், கூண்டில் நின்றவரைச் சுட்டுக் கொன்றான். யார் முந்துவது என்று டைஸ் உருட்ட அங்கே என்ன இருக்கிறது? மெய்யாக ஆட வேண்டுமானால் எங்கள் பாத்திரங்களில் பாதிப் பேர் திருப்பிச் சுடாமலேயே சாக வேண்டும். அண்ணாவின் மனைவி, “அப்படியெண்டால் நான் செய்தியே பாத்துக்கொண்டு இருக்கலாமே, இஞ்ச ஏன் வாறன்?” என்று கேட்டார். அவர் சொல்வது சரி. மெய்ம்மையில் எவ்வளவு வேண்டும் என்பதை விளையாடுகிறவர்தான் தீர்மானிக்க வேண்டும், மயாமி அறிக்கை அல்ல. ஆகவே எங்கள் மேசையில் பதுங்கிச் சுடுகிறவன் தவறவிடுவான், முதற் சூட்டில் மட்டும். அது பொய், தெரிந்தே வைத்திருக்கிற பொய்.

இலிகிதன் இன்னும் வார்ட்டில்தான். தொடை எலும்பு தப்பியது, சீழ் பிடித்தது, வாராவாரம் உருட்டுகிறோம். காத்திருக்கப் பொறுமையில்லாமல் தம்பி புதுப் பாத்திரம் ஒன்று எழுதிக்கொண்டு வந்தான்: ஓய்வுபெற்ற இராணுவ மேஜர், ரைபிள் திறமை 80 வீதம். அக்கா தாளை வாங்கிப் பார்த்துவிட்டு, “முதலுதவி எத்தனை?” என்று கேட்டார். முப்பது, எல்லாருக்கும் உள்ள அடிப்படை. அவர் பென்சிலைக் கொடுத்தார். இப்போது மேஜருக்கு ரைபிள் 50, முதலுதவி 60.